இருமுறை எண்ணிய ஆறு கிரெடிட்

மேஸ்திரி கசிமிரோவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது எண்ணூற்று அறுபத்தைந்து டாலர். அதில் இருநூற்றைம்பது, பல்கலைக்கழகத்தில் என் மகள் நெரெய்தாவின் இடத்தைப் பிடித்து வைக்க. அறுநூறு, அங்கே விடுதி அறைக்கு முன்பணம். மீதிப் பதினைந்து, அவள் பள்ளிக்கூடத்தில் எழுதிய ஸ்பானிஷ் பரீட்சையின் மதிப்பெண்ணை, பரீட்சை நடத்தியவர்களே பல்கலைக்கழகத்துக்கு நேராக அனுப்புவதற்கு. நாம் கொண்டுபோய் நீட்டினால் வாங்கமாட்டார்கள்.

மே மாதம் அது. பீச் மரங்களில் பிஞ்சு கழித்துக்கொண்டிருந்தோம். கசிமிரோ வேனின் முன்பக்கத்தில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டார். வட்டி கேட்கவில்லை. வாரம் நாற்பது பிடித்துக்கொள்வார், கடன் தீரும்வரை நான் வேறு மேஸ்திரியின் வண்டியில் ஏறக்கூடாது. அவ்வளவுதான் பேச்சு.

“பொண்ணு படிக்கப் போறான்னு கேக்கற, தர்றேன்” என்றார். “இதே காசை மகன் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தா வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பேன்.”

நெரெய்தா இரண்டு வருடம் ஊர்க் கல்லூரியில் படித்தாள். வசதி இல்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். முதல் இரண்டு வருடத்தை மலிவாக இங்கே முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் போவார்கள். அதற்கு அறுபது கிரெடிட் வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று கணக்கு. ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது. கல்லூரியில் அவள் சேர்த்தது ஐம்பத்துநான்கு. பள்ளியின் கடைசி வருடத்தில் எழுதிய ஸ்பானிஷ் பரீட்சை கல்லூரிப் பாடத்துக்கு ஈடு என்பதால் அதற்கு ஆறு. ஆக அறுபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்லூரி கொடுத்த தாளிலும் அப்படித்தான் கூட்டிப் போட்டிருந்தது. அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசப் பயிற்சி கொடுக்கிற படிப்பு அவளுக்குக் கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம், கடலோரப் பல்கலைக்கழகத்தில். அதற்கு வருடத்தில் ஒரே ஒரு முறை, ஆகஸ்ட்டில்தான் ஆள் எடுப்பார்கள்.

அந்த ஸ்பானிஷ் பரீட்சையில் அவள் வாங்கியது ஐந்துக்கு ஐந்து. வீட்டில் நாங்கள் பேசுவது ஸ்பானிஷ் அல்ல, மிஸ்தெக்கோ. எல்லைக்கு அப்பால் நாங்கள் பிறந்த ஒஹாக்காவின் மலைப் பேச்சு. ஸ்பானிஷை நான் இருபது வயதுக்குமேல் தக்காளி வயல்களில், திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டேன். அவள் பள்ளிக்கூட மைதானத்தில் கற்றாள். எங்கள் பேச்சுக்குப் பரீட்சை கிடையாது. இருந்திருந்தால் அவள் அம்மா ஒதிலியா எழுந்து போய் ஆறு கிரெடிட் வாங்கிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பியிருப்பாள்.

இனி என் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

எனக்கு எழுத்து தெரிந்தது நாற்பத்துமூன்று வயதில். அதுவரை எந்தத் தாளை நீட்டினாலும் கீழே ஒரு பெருக்கல் குறி போடுவேன். ஊர்க் கல்லூரியில் என்னைப் போன்றவர்களுக்கு ஸ்பானிஷில் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். செவ்வாய், வியாழன், மாலை ஆறிலிருந்து எட்டு. காசு இல்லை. ஆனால் கல்லூரி எட்டு மைல். எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஒருமுறை போலீஸ் என் வண்டியைப் பிடித்துப்போய், அதை மீட்க ஒரு மாதக் கூலி போனது. அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும். ஆகவே நெரெய்தா ஓட்டினாள்.

முதல் வாரம் இரண்டு மணி நேரமும் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம், என் வகுப்புக்கு எதிர் அறையில் அதே நேரத்தில் ஒரு பாடம் நடப்பதாகச் சொன்னாள். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கான ஸ்பானிஷ். நான்கு கிரெடிட். உதவித்தொகை நிற்காமல் இருக்க அவள் பன்னிரண்டு கிரெடிட் எடுத்தாக வேண்டும், எட்டுதான் கிடைத்திருந்தது, மற்ற வகுப்பெல்லாம் நிரம்பிவிட்டது.

“கார்ல கொசுக்கடி வாங்கறதுக்கு அங்க போய் உக்காந்தா நாலு கிரெடிட்டாவது வரும்ப்பா” என்றாள்.

எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. ஒரு வண்டி, ஒரு பெட்ரோல், இரண்டு பேர் படிப்பு. அடுத்த பருவத்தில் நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியபோது அவள் அதே பாடத்தின் இரண்டாம் பகுதியை எடுத்தாள். மொத்தம் எட்டு கிரெடிட். இரண்டிலும் முதல் தரம்.

ஜூலை இருபத்தொன்று, வியாழக்கிழமை. விடுமுறையில் அவள் பழக் கிடங்கில் பீச் தரம்பிரித்துக்கொண்டிருந்தாள். காலை வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஏதோ வந்தது. படித்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டில் இருந்த பீன்ஸை முழுதும் சாப்பிட்டு முடித்தாள். பிறகுதான் சொன்னாள்.

“ஐம்பத்துநாலுதான் இருக்காம். எடம் இல்லன்னு எழுதியிருக்கான்.”

ஒதிலியா கையில் மாவோடு திரும்பி, யாருக்கு இடமில்லை என்று கேட்டாள்.

அன்று நெரெய்தா கிடங்குக்குப் போகவில்லை. நானும் கசிமிரோவுக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினேன். கல்லூரி ஆலோசகர் அறைக்கு இருவரும் போனோம். இரண்டு வருடத்தில் அவள் பார்த்த மூன்றாவது ஆலோசகர் இந்த அம்மாள். முன்னால் இருந்த இருவரும் வேலை மாறிப் போய்விட்டார்கள். பெயர் மாய் வாங். மோங் இனத்தவர், எங்கள் பக்கத்துத் தெருவிலும் அவர் சாதிசனம் இருக்கிறார்கள். நல்ல மாதிரி. திரையை எங்கள் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நெரெய்தா எனக்கு எங்கள் பேச்சில் சொன்னாள்.

பள்ளியில் எழுதிய பரீட்சை ஆறு கிரெடிட். கல்லூரியில் படித்த ஸ்பானிஷ் எட்டு கிரெடிட். பல்கலைக்கழகத்தின் கண்ணில் இரண்டும் ஒரே படிப்பு. ஒன்றைத்தான் எண்ணுவார்கள். எட்டை வைத்துக்கொண்டு ஆறைக் கழித்துவிட்டார்கள். அந்த எட்டுக்குப் பதிலாக வேறு எதைப் படித்திருந்தாலும், சமையல் படித்திருந்தாலும், இன்றைக்கு அவள் கையில் அறுபது இருந்திருக்கும்.

“நீங்க குடுத்த தாள்ல அறுபதுன்னு இருக்கே” என்றாள் நெரெய்தா.

“எங்க கணக்குல ரெண்டும் நிக்கும். அவங்க எண்ற முறை வேற. இத யாராவது உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“யாரு சொல்லியிருக்கணும்?”

மாய் வாங் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நெரெய்தா அதை எனக்குச் சொல்லவில்லை. சுருக்கமாக ஏதோ பதில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஆனால் வயல் ஆங்கிலம் எனக்கும் கொஞ்சம் உண்டு. செவ்வாய்க்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் உள்ள சொல் தெரியும். அப்பா என்பதற்கு உள்ள சொல்லும் தெரியும். அவள் பதிலில் மூன்றும் இருந்தன.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் அந்த அம்மாள். இருபத்தைந்து நாளில் வகுப்பு தொடங்கிவிடும், உடனே எழுத வேண்டும். ஏன் இப்படி நடந்தது என்பதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். வியாதி, சாவு, வீடு எரிந்துபோனது, இந்த மாதிரி. கல்லூரித் தாளில் தவறாகக் கூட்டியிருந்ததையும் எழுதலாம், ஆனால் விதியைத் தெரிந்துகொள்வது மாணவர் பொறுப்பு என்று அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, அதனால் அது மட்டும் போதாது.

வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. காரின் கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் சூடு வெளியேறட்டும் என்று நின்றோம்.

“அந்தக் கிளாஸ எதுக்கு எடுத்தேன்னு எழுது” என்றேன்.

“அதெல்லாம் எழுதமாட்டேன்.”

“ஏன்?”

“அது நம்ம வீட்டு விஷயம். அவங்களுக்கு எதுக்கு?”

“எங்கப்பனுக்கு எழுத்து தெரியாது, வண்டி ஓட்ட முடியாது, அவனக் கூட்டிட்டுப் போகத்தான் எடுத்தேன்னு எழுது. எனக்கொண்ணும் வெக்கமில்ல.”

அது பொய். கசிமிரோவின் ஆட்களில் பாதிப் பேருக்கு நான் படிக்கப் போவதே தெரியாது. முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

நெரெய்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ படிச்சது தப்புன்னு ஆயிடும்ப்பா, அப்படி எழுதினா.”

“ஆகட்டும். எழுது.”

எழுதினாள். அனுப்புவதற்கு முன் வீட்டில் எங்கள் பேச்சில் சொல்லிக் காட்டினாள். நான் பிறந்த மலையில் பள்ளிக்கூடம் மூன்று மணி நேர நடை என்பது, ஏழு வயதில் ஆடு மேய்க்கப் போனது, கூலிச் சீட்டில் பெருக்கல் குறி போட்டது, வண்டி பிடிபட்டது, எதிர் அறை வகுப்பு, எல்லாம் இருந்தது. ஒதிலியா சுவரைப் பார்த்தபடி கேட்டாள். வண்டியை மீட்கக் கட்டின தொகையையும் சேர்க்கச் சொன்னாள். என் வாழ்க்கை முழுதும் ஒன்றரைப் பக்கம் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்கு அது போனது.

விஷயம் வயலுக்கும் எட்டிவிட்டது. கிடங்கில் வேலை செய்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் எலாடியோ என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயை மூடாதவர். நெக்டரின் பறித்துக்கொண்டிருந்தபோது ஏணிமேல் இருந்தே தொடங்கினார்.

“ஒரே கழுதைய ரெண்டு சந்தையில வித்தா பிடிக்கத்தானே தம்பி செய்வான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விடவில்லை. முழங்கால் வைத்தியம் எப்படிப் போகிறது, இப்போது முழங்கால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் குளிர்பானத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு மரத்தடிக்குப் போனார். குடித்தேன்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி பதில் வந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு மூன்று வரி. விதி எல்லோருக்கும் பொது. சொல்லப்பட்ட காரணம் மாணவரின் கட்டுப்பாட்டுக்கு மீறியது அல்ல. முடிவில் மாற்றமில்லை.

பணத்தைப் பற்றித் தனியாகக் கேட்டு எழுதினாள். இடத்துக்குக் கட்டிய இருநூற்றைம்பது எப்போதுமே திரும்பாது. விடுதி அறையை ஜூலை ஒன்றுக்குள் ரத்துச் செய்திருந்தால் பாதி வந்திருக்கும், அதற்குப் பிறகென்றால் ஒன்றும் இல்லை. இடம் இல்லை என்று அவர்கள் சொன்னதே ஜூலை இருபத்தொன்று. அதை யாரிடம் போய்ச் சொல்வது? நெரெய்தா மூன்று முறை தொலைபேசியில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்தார், வேறு ஆளிடம் கேட்கச் சொன்னார்.

மாய் வாங் கூப்பிட்டுப் பேசினார். இந்தப் பருவத்தில் ஊர்க் கல்லூரியிலேயே இன்னும் இரண்டு பாடம் எடுத்து ஆறைச் சேர்த்துவிடலாம், பிறகு புதிதாக விண்ணப்பம் போடலாம், அடுத்த ஆகஸ்ட்டுக்கு. இடம் மறுபடி கிடைக்குமா என்றால் அவரால் சொல்ல முடியாது. இந்த வருடம் அந்தப் படிப்புக்கு எழுநூறு பேர் கேட்டு நாற்பது பேரை எடுத்தார்கள். நெரெய்தா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். வைத்தபின் என்ன முடிவு என்று கேட்டேன்.

“காலைல கிளாஸ். அதே வாரம் திராட்சை ஆரம்பிக்குது. மொதல்ல கசிமிரோவ முடிப்போம்.”

“அது என் கடன்.”

அவள் குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைக் கிழித்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. அதன் பின்பக்கத்தில் ஒதிலியா சொன்ன கடைச் சாமான்களை எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.

என் வகுப்பு மறுபடி தொடங்கும் செவ்வாய் வந்தது. நான் குளித்துவிட்டுப் படுக்கப் போனேன். நெரெய்தா கார் சாவியோடு வாசலில் நின்றாள்.

“கெளம்பு.”

“நான் போகல. போதும் படிச்சது.”

“ஏன், படிச்சு முடிச்சிட்டியா? நேத்து மின்சார பில்ல தலகீழா வச்சுப் பாத்துட்டிருந்தே.”

“நான் போனதாலதான் உனக்கு இப்படி ஆச்சு. இனிமே அந்தப் படி ஏற எனக்கு மனசு வராது.”

அவள் கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் கண்ணில் தண்ணீர் நின்றதோடு சரி. “நீ படிக்கறதுக்காகத்தான்னு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கேன். நீ நிறுத்திட்டா அது எதுக்காகன்னு இருக்கும்? எந்திரிப்பா.”

போனேன். எதிர் அறையில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை பலகையில் எழுதினதை நான் நோட்டில் எழுதினேன், மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் வண்டி நிறுத்துமிடம் தெரியும். அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை ஏற்றியிருந்தாள், கொசுவுக்காக.

திராட்சை அறுப்பில் இரண்டரை வாரம் ஓடியது. உலர் திராட்சைக்குக் குலைகளை வளைந்த கத்தியால் அறுத்து, தொட்டியில் போட்டு, வரிசைக்கு நடுவே மண்ணில் விரித்த தாளில் பரப்ப வேண்டும். ஒரு தாளுக்கு நாற்பத்திரண்டு சென்ட். கொடிக்கு அடியில் குனிந்தே நகர வேண்டும். காற்றே வராது. குளவி இருக்கும், கறுப்பு விதவைச் சிலந்தியும் இருக்கும். முதல் நாள் நெரெய்தா நூற்றைம்பது தாள் போட்டாள். மாலையில் காரில் ஏறும்போது இடுப்பை நிமிர்த்த முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வாரத்தில் முந்நூறைத் தொட்டாள். எலாடியோ வந்து அவள் வரிசையைப் பார்த்தார். பிறகு, படித்தவள் இல்லையா, கணக்காகப் போடுகிறாள், யாரும் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள் என்றார். நெரெய்தா நிமிராமலே, உங்கள் தாளையெல்லாம் ஒருமுறை எண்ணவே ஆள் இல்லை தாத்தா என்றாள். அந்த அறுப்பில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்த இடத்துக்குப் பழகிவிட்டவர்களின் சிரிப்பு அது.

ஜூனிலிருந்து பிடித்ததில் என் கடன் நானூறு கழிந்திருந்தது. மீதி நானூற்று அறுபத்தைந்து. திராட்சை தொடங்கியபின் கசிமிரோ என் கூலி உறையில் ஒன்றும் பிடிக்கவில்லை. கேட்டால், அறுப்பு முடியட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அந்தப் பணத்தைத் தொடவில்லை. ஒதிலியாவிடம் தனியாகக் கொடுத்துவைத்தேன். ஆறு கிரெடிட்டை என்னால் திருப்பித்தர முடியாது. எண்ணூற்று அறுபத்தைந்தையாவது என் முதுகால் தர முடியும் என்று நினைத்தேன். மனத்தில் அது ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது. அடுத்த பருவத்துக்காவது அவள் கூலி அவளுக்கே மிஞ்சும்.

கடைசிச் சனிக்கிழமை கசிமிரோ வேனுக்குப் பக்கத்தில் உறைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானூற்று அறுபத்தைந்தை எண்ணி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“உம் மக சொல்லலையா? உங்கணக்கு நேத்தே முடிஞ்சுபோச்சு. அவ கூலில பிடிக்கச் சொன்னா, பிடிச்சேன்.”

நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, நோட்டைத் திறந்து காட்டினார். நானே படித்தேன். மேலே என் பெயர், 865. அதன் கீழே பத்து வாரம் நாற்பது நாற்பதாக. பிறகு மூன்று வரி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெரெய்தா என்று எழுதி, நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்று அறுபத்தைந்து. கடைசியில் சுழி.

நெரெய்தா தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

“ஏன் இப்படிச் செஞ்சே? இது நான் பட்ட கடன்.”

“எனக்காகத்தான வாங்கினே. எடம் எனக்குத்தானே.”

“காலேஜுக்குக் கட்ட வச்சிருக்கணும் அந்தக் காச.”

“சேர்ற தேதி போன வெள்ளியோட முடிஞ்சுது. மாதுளைக்கு வர்றேன்னு இவர்ட்ட சொல்லிட்டேன்.”

கசிமிரோ எங்கள் முகத்தைப் பார்க்காமல் நோட்டின் மேல் குனிந்துகொண்டார். மாதுளை முடிந்தால் ஆரஞ்சு இருக்கிறது, அது ஜனவரிவரை ஓடும், கை நல்ல கை, வேறு மேஸ்திரி கேட்பதற்கு முன் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

கணக்கு முடிந்ததற்கு அடியில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார். என் பெயரை முழுதாக, பிழையில்லாமல் எழுத எனக்கு இப்போது தெரியும். பேனாவை வாங்கி நெரெய்தாவிடம் கொடுத்தேன். அவள் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சுழிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். கசிமிரோ பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.